மின்சாரமில்லாத ஆண்டுகளில் சக்தி படித்தோம்

நூற்றாண்டு மலருக்கு எமது கல்லூரியின் விஞ்ஞானக் கல்வி பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எங்கள் வகுப்பைக் கேட்டபோது, முதலில் பழைய மலர்களையும் பரிசளிப்பு விழா அறிக்கைகளையும் தேடி எடுத்துப் பார்த்தோம். ஆய்வுகூடத்துக்கு அடிக்கல் நாட்டியது, உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கியது, முதன்முதலாக மருத்துவ பீடத்துக்குப் போனவர்கள் யார் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. 1990 முதல் 1996 வரையான காலத்துக்கு வரும்போது மட்டும் அறிக்கை சுருங்கிவிடுகிறது. நாட்டுச் சூழ்நிலையால் ஆய்வுகூட வேலைகள் மட்டுப்படுத்தப்பட்டிருந்தன என்று ஒரு வசனம், அவ்வளவுதான். எழுதியவர்களில் குறையில்லை. கடதாசிக்கே தட்டுப்பாடான காலம் அது. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் ஆய்வுகூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். அங்கே என்ன நடந்தது என்பதை எங்களுக்கு நினைவிருக்கும்போதே எழுதிவைக்க விரும்புகிறோம்.

நாங்கள் 1990 தையில் ஆறாம் வகுப்புக்கு வந்தவர்கள். அந்த வருடம் ஆனியில் போர் மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சில கிழமைகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. பிறகு அது உடுப்பு வைக்கும் அலுமாரியாகியது. சாதாரண தர வகுப்புக்கு வரும்வரை, ஆளியைப் போட ஒரு குமிழ் எரிவதை நாங்கள் எங்கள் வீடுகளில் காணவில்லை. எங்களுக்காவது அதன் நினைவு இருந்தது. எங்கள் தம்பி தங்கைகளுக்குச் சுவரில் இருந்த ஆளி ஒரு விளையாட்டுச் சாமான். ‘டிக் டிக்’ என்று தட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் ‘சக்தி’ என்ற பாடத்தைப் படித்தோம். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாம். மின்சக்தி ஒளிச்சக்தியாக மாறுவதற்கு உதாரணம் மின்குமிழ். வெப்பசக்தியாக மாறுவதற்கு மின்னழுத்தி. ஒலியாக மாறுவதற்கு மின்மணி. இந்த மூன்றையும் குப்பி விளக்கு வெளிச்சத்தில் பாடமாக்கினோம். ‘வலு’ என்ற சொல்லிலும் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒரு செக்கனில் எவ்வளவு வேலை செய்யப்படுகிறதோ அது வலு என்று புத்தகம் சொல்லும். ஊரில் வலு என்றால் ‘மிக’. வலு கெட்டிக்காரி, வலு சோம்பேறி. இரண்டும் ஒரே சொல்தானா என்று ஒருத்தி கேட்க, வகுப்பே சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது.

சென்ற வருடம் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில், இலண்டனில் இருக்கும் தோழி ஒருத்தி தன் மகளின் வீட்டுவேலையைப் படமெடுத்துப் போட்டாள். அங்கே இப்போது ‘சக்தியின் வடிவங்கள்’ என்று படிப்பிப்பதில்லையாம். சக்தி சேமிக்கப்பட்டிருக்கும் இடங்கள் எட்டு என்று ஒரு பட்டியல்: அசைவில், வெப்பத்தில், இரசாயனப் பிணைப்பில், உயரத்தில், இழுத்த றப்பரில், காந்தங்களுக்கிடையில், மின்னேற்றங்களுக்கிடையில், அணுக்கருவில். மின்சாரம் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஒரு சேமிப்பு அல்ல, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சக்தி போகும் வழி. ஒளியும் அப்படித்தான். அன்று இரவு ரொறன்ரோவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பதில்கள் வந்தபடி இருந்தன. எங்கள் காலத்தை இதைவிடத் திருத்தமாக ஒருவரும் விளக்கியதில்லை. 1990 இல் எங்களுக்கு அடைபட்டது வழிதான். சேமிப்புகள் வீட்டைச் சுற்றி இருந்தன. மண்ணெண்ணெய்ப் போத்தலில், ஊமலில், கிணற்றடித் துலாவில், சோற்றில். அவற்றிலிருந்து சக்தியை எப்படி எடுப்பது, யார் எடுப்பது என்பதுதான் கேள்வி.

அந்த வழி எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் ஒரு கட்டுரை வாசித்தார். லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையில் 32 வருடம். வடக்கில் சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்கள் ஓடின. எங்கள் பெற்றோர் தலைமுறையில் தோட்டக் கிணறுகளில் துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. வீட்டுக் கிணறுகளில் மின்மோட்டார் வந்தது. 1990 இல் இந்தப் படம் பின்னோக்கி ஓடியது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம் எல்லாம் தடை. மண்ணெண்ணெய் அளவாக வந்தது. சங்கக்கடையில் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றோம், அல்லது வெளியில் பல மடங்கு விலைக்கு வாங்கினோம்.

எங்கள் பௌதிகவியல் ரீச்சர் ஒருநாள் தனது சைக்கிளை ஆய்வுகூடத்துக்குள்ளே உருட்டிக்கொண்டு வந்தா. அதைத் தலைகீழாக நிறுத்தி, தைனமோவைச் சில்லில் முட்டவைத்து, சிறு குமிழ் ஒன்றுக்கு வயரைத் தொடுத்தா. இதில் எங்களுக்குப் புதினம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இரவில் அதுதானே வேலை. சைக்கிளைக் கவிழ்த்து மிதிக்கட்டையைக் கையால் சுற்ற, தைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் போகும். பிபிசி தமிழோசை, வெரித்தாஸ் என்று செய்தி கேட்பார்கள். தைனமோவில் வருவது ஆடலோட்டம், வானொலிக்குத் தேவை நேரோட்டம். நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் ஈயத்தால் ஒட்டி அதை மாற்றிக் கொடுக்கத் தெரிந்த அண்ணாமார் ஒழுங்கைக்கு ஒருவராவது இருந்தார்கள். பரடே 1831 இல் காந்தத்தையும் சுருளையும் வைத்துக் கண்ட தூண்டல் விதியைத் திண்ணையில் இருந்தே பார்த்த பிள்ளைகள் நாங்கள்.

ரீச்சர் எங்களுக்குக் காட்ட நினைத்தது வேறு. ஒருத்தியைக் கூப்பிட்டு மிதிக்கட்டையைச் சுற்றச் சொன்னா. இடையில் வயரைக் கழற்றினா. மறுபடி கொழுவினா.

“இப்ப என்ன மாதிரிக் கிடக்கு?”

“பாரமாக்கிடக்கு ரீச்சர்.”

“கழட்டினா?”

“லேசாக்கிடக்கு.”

“அப்ப குமிழ் எரியிற வெளிச்சம் எங்கையிருந்து வருது பிள்ளையள்?”

தைனமோவில் இருந்து என்றோம். இல்லை என்றா. காந்தத்தில் இருந்து என்றோம். அதுவும் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று சுற்றியவளைக் கேட்டா. “புட்டு” என்றாள். “அதுதான் எரியுது” என்றா. புட்டு மாவுக்கு எங்கிருந்து வந்தது, நெல்லுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் கேட்டு, ஒளித்தொகுப்பு வழியாகச் சூரியன் வரை எங்களைக் கொண்டுபோய்விட்டா. அந்தப் பாடம் முடிய மணி அடிக்கவில்லை, மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டில் தட்டினார்கள்.

பிறகு கணக்கும் செய்தோம். சைக்கிள் தைனமோ 6 உவோற்று, 3 வாற்று. அரைமணி நேரம் சுற்றினால் 3 ஐ 1800 ஆல் பெருக்க வேண்டும், 5400 யூல். தைனமோவின் வினைத்திறன் ஏறக்குறைய பாதி என்று வைத்தால் கை செய்த வேலை 10,800 யூல். மனிதத் தசை, எடுத்த சக்தியில் கிட்டத்தட்ட ஐந்திலொரு பங்கையே வேலையாகத் தரும், மிச்சம் வெப்பமாகிவிடும். அப்படிப் பார்த்தால் அரைமணிச் செய்திக்கு உடம்பு எரிப்பது 50 கிலோயூல் வரை, அதாவது 12 கிலோகலோரி. சோற்றில் ஒரு வாய். உலகச் செய்தி முழுவதும் ஒரு வாய்ச் சோற்றுக்குக் கிடைக்கிறது என்று அன்று மலிவாகத்தான் தோன்றியது. ஆனால் சுற்றுகிற கைக்கு அது மலிவில்லை. வீட்டில் அது முதலில் அண்ணா தம்பிமாரின் வீரவேலையாக இருந்தது. சில மாதங்களில் புதினம் போய்விட அக்கா தங்கைமாரிடம் வந்து சேர்ந்தது. செய்தி கேட்பவர்கள் சாய்மனைக் கதிரையில் இருந்தார்கள்.

எங்களில் மருத்துவம் படித்தவர்களுக்குப் பின்னாளில் ஒரு செய்தி கிடைத்தது. அது ரீச்சருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பா. சக்தி பற்றிய இந்த எண்ணம் உருவாகியதில் மூன்று வைத்தியர்களுக்குப் பங்கு உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லைப் பௌதிகவியலில் இன்றைய பொருளுக்குக் கிட்டப் பாவித்தவர் தோமஸ் யங், இலண்டன் வைத்தியர். சக்திக் காப்பு விதியை 1847 இல் கணித வடிவில் எழுதிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் அப்போது பிரஷ்யப் படையில் சத்திரசிகிச்சை வைத்தியர். இருவருக்கும் இடையில் வருபவர் றொபேட் மையர். 1840 இல் ஒல்லாந்தக் கப்பல் ஒன்றின் வைத்தியராக ஜாவாவுக்குப் போனவர். அங்கே நோயுற்ற மாலுமிகளின் நாளத்திலிருந்து அக்கால வழக்கப்படி இரத்தம் எடுத்தபோது, அது கடுஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்ற சிவப்பாக வந்தது. தவறி நாடியைக் குத்திவிட்டோமோ என்று பயந்தாராம். பிறகு யோசித்தார். வெப்பமான நாட்டில் உடம்பு தன்னைச் சூடாக வைத்திருக்கக் குறைவாக எரித்தால் போதும், அதனால் இரத்தத்தில் ஒட்சிசன் மிஞ்சுகிறது. அப்படியானால் உடம்பின் வெப்பமும் உடம்பு செய்யும் வேலையும் ஒரே சாப்பாட்டிலிருந்துதான் வருகின்றன, ஒன்றை மற்றதாகக் கணக்கிடலாம். 1842 இல் அதை வெளியிட்டார். பௌதிகவியலாளர்கள் அவரை அதிகம் மதிக்கவில்லை. மன்செஸ்ரரில் மதுவடிசாலைக் குடும்பத்துப் பிள்ளையான யூல், விழும் பாரத்தால் தண்ணீருக்குள் துடுப்பைச் சுழற்றி, தண்ணீர் எவ்வளவு சூடாகிறது என்று பொறுமையாக அளந்து காட்டிய பின்தான் உலகம் நம்பியது. ஒரு கலோரி ஏறக்குறைய 4.2 யூல் என்று நாங்கள் பாடமாக்கிய எண் அந்த வழியில் வந்தது. புட்டில் தொடங்கிக் குமிழில் முடித்த எங்கள் ரீச்சர் மையருக்குக் கிட்டத்தான் நின்றிருக்கிறா.

இனி விளக்கு. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்ல வேண்டும். குப்பி விளக்கு என்பது ஒரு மருந்துப் போத்தல், மூடியில் ஓட்டை, அதில் சீலைத்திரி, உள்ளே மண்ணெண்ணெய். அதிலும் சிக்கனமானது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியால் தாங்கிய சின்னத் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்றில் அணையாது, மிகக் குறைந்த எண்ணெயில் இரவு முழுக்க எரியும். யார் கண்டுபிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரே கண்டுபிடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 35 மெகாயூல் இருக்கிறது. சாதாரணக் குப்பி விளக்கு மணித்தியாலத்துக்கு 10 மில்லிலீற்றர் குடித்தால், அது 100 வாற்றுக்குக் கிட்ட. 60 வாற்று மின்குமிழை விடக் கூடுதலான சக்தியை அது செலவழிக்கிறது. ஆனால் அந்த மின்குமிழின் வெளிச்சம் வேண்டுமென்றால் அறுபது எழுபது குப்பி விளக்கு வேண்டும். மிச்சமெல்லாம் வெப்பமும் கரியும். காலையில் மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். “வினைத்திறன் குறைந்த சாதனத்துக்கு உதாரணம் தருக” என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பில் ஒருவரும் பிழை விட்டதில்லை.

அந்த 35 மெகாயூல் எப்படிப்பட்டது என்பதை நாங்கள் விளங்கிக்கொண்டது 1993 இல். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இரவு மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். சின்னத் தம்பி கையைத் தட்டிவிட்டான். விளக்குச் சரிந்து, மூடி கழன்று, எண்ணெய் அவள் மேல் ஊற்றுப்பட்டது. போட்டிருந்தது நைலோன் சட்டை. போத்தலில் இருந்தது நாலைந்து தேக்கரண்டி எண்ணெய்தான். இடது தோளிலிருந்து முழங்கை வரை, கழுத்தின் ஒரு பக்கம். இரண்டு மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடம் வரவில்லை. திரும்பி வந்தபோது சீருடையின் கையை நீட்டித் தைக்க அனுமதித்தார்கள். சக்தி பாடத்தின் தவணைப் பரீட்சையை அவள் தனியாக எழுதினாள். எங்களைவிடக் கூடப் புள்ளி. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். எழுதினால் விளக்கைப் பற்றி எழுதுங்கள், என்னைப் பற்றி அதிகம் வேண்டாம் என்றாள்.

விளக்கைப் பற்றி எழுதுகிறோம். அடுத்த கிழமை ரீச்சர் பாடம் எடுக்கவில்லை. ஒரு தகரப் பேணியில் மணல் நிரப்பி, அதன் நடுவில் குப்பி விளக்கைக் கழுத்துவரை புதைத்துக் காட்டினா. புவியீர்ப்பு மையம் கீழே போனால் சரியாது. ஒவ்வொருத்தியும் அன்றிரவே வீட்டில் இப்படிச் செய்துவிட்டு வந்து சொல்லவேண்டும் என்றா. எண்ணெய் ஊற்றும்போது விளக்கை அணைத்து ஆறவிட வேண்டும், நைலோன் சட்டையோடு விளக்கருகே போகக்கூடாது. இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில், எங்களுக்குத் தெரியாமலே, தெற்கில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இதையே யோசித்துக்கொண்டிருந்தார். வைத்தியர் விஜய கொடகும்புர. மின்சாரம் எட்டாத கிராமங்களிலிருந்து குப்பி விளக்குத் தீக்காயங்களோடு வந்தவர்களுக்கு வைத்தியம் செய்து சலித்தவர். மாமைற் போத்தலின் குள்ளமான வடிவத்தைப் பார்த்து ஒரு விளக்கை வடிவமைத்தார். குட்டை, தடித்த கண்ணாடி, பாரம், விழுந்தாலும் உருளாதபடி இரண்டு தட்டைப் பக்கங்கள், திருகிப் பூட்டும் உலோக மூடி. ‘சுதீப’ என்று பெயர். மலிவாகச் செய்து இலட்சக்கணக்கில் கொடுத்தார்கள். 1998 இல் அதற்காக றோலெக்ஸ் விருது பெற்றார். எங்களில் ஒருத்தி பின்னாளில் தெற்கிலுள்ள தீக்காயப் பிரிவு ஒன்றில் பயிற்சி பெற்றபோது அந்த விளக்கை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். மணல் பேணியின் அதே கணக்கு. நாடு இரண்டாகக் கிடந்த காலத்தில் இரண்டு பக்கத்திலும் எரிந்தது ஒரே விளக்கு.

இனிக் கிணற்றடி. மின்மோட்டார் நின்ற பிறகு துலாவும் கப்பியும் திரும்பி வந்தன. துலாவைப் பற்றி ரீச்சர் ஒரு முழுப் பாடம் எடுத்தா. வெறும் வாளியைக் கீழே இழுக்கும்போது துலாவின் மறுமுனையிலிருக்கும் பாரம் மேலே போகிறது. எங்கள் கை கொடுத்த சக்தி அந்த உயரத்தில் அழுத்தசக்தியாகச் சேமிக்கப்படுகிறது. நிறைந்த வாளி மேலே வரும்போது பாரம் இறங்கி அந்தச் சக்தியைத் திருப்பித் தருகிறது. துலா வேலையைக் குறைப்பதில்லை, கையும் உடம்பின் பாரமும் சுலபமாகச் செய்யக்கூடிய பக்கத்துக்கு அதை மாற்றிவைக்கிறது. யார் முதலில் நட்டார்களோ, கெட்டிக்காரர்.

15 லீற்றர் வாளி, 5 மீற்றர் ஆழம். ஒரு வாளிக்கு 750 யூல். குளிக்க, தோய்க்க, சமைக்க, மரக்கறிப் பாத்திக்கு என்று நாளுக்கு 40 வாளி என்றால் 30,000 யூல். இதை எழுதி முடித்த ரீச்சர் பக்கத்தில் இன்னொரு வரி எழுதினா. 30,000 யூல் எத்தனை மில்லிலீற்றர் மண்ணெண்ணெய்? வகுத்துப் பார்த்தோம். ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவு. நம்பாமல் மறுபடி வகுத்தோம். இயந்திரமும் பம்பும் வீணாக்குவதை எல்லாம் சேர்த்தாலும் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஒரு வீட்டின் முழுநாள் தண்ணீர் வேலைக்கு இரண்டு தேக்கரண்டி. அந்த இரண்டு தேக்கரண்டி இல்லாததால்தான் எங்கள் அம்மாமார் விடியற்காலை நாலரைக்குக் கிணற்றடியில் நின்றார்கள்.

பாடப்புத்தகத்தில் இன்னொரு வரி எங்களை எப்போதும் உறுத்தும். பாரத்தைத் தூக்கினால் வேலை, தூக்கியபடி அசையாமல் நின்றால் வேலை பூச்சியம். பௌதிகவியலில் சரி. ஆனால் நிறைகுடத்தோடு வரிசையில் நிற்கும் அம்மாவிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அசையாமல் நிற்கும் தசையும் உள்ளே எரித்துக்கொண்டேதான் இருக்கிறது, நார்கள் கணத்துக்குக் கணம் பிடித்து விட்டுப் பிடிக்கின்றன, அவ்வளவும் வெப்பமாகிப் போகிறது என்பது உடற்றொழிலியல் படித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. இன்று சிகிச்சை நிலையத்தில் அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் தோள், இடுப்பு நோவோடு வந்தால் 90களில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு உண்டு. ஊமலும் பன்னாடையும் பொச்சும் ஊதி ஊதிச் சமைத்தவர்களின் இருமலும் அப்படித்தான்.

‘சக்தி முதல்கள் ஐந்து தருக’ என்று ஒரு தவணைப் பரீட்சையில் வந்தது. எங்களில் ஒருத்தி நீர், காற்று, சூரியன், எரிபொருள் என்று எழுதிவிட்டு ஐந்தாவதாக ‘அம்மா’ என்று எழுதினாள். பகிடிக்கு அல்ல, உண்மையாகவே. ரீச்சர் புள்ளி போடவில்லை. சண்டை பிடித்தோம். “நீ எழுதினது சரி, ஆனா சோதினையிலை எழுதாதை, அங்கை திருத்திறவைக்கு விளங்காது” என்றா. அந்த அரைப் புள்ளிக் கோபம் இன்னும் வட்ஸ்அப் குழுவில் வந்துபோகிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றி இந்த மலரில் வேறொருவர் எழுதுவார். எங்கள் பங்குக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவில் யார் யார் என்ன எடுத்துக்கொண்டு போனோம் என்று பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லோரும் சைக்கிள், ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஜாம் போத்தல் விளக்கு. மழையில் தள்ளிக்கொண்டு போன சைக்கிள்களில் தைனமோவைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். ஆய்வுகூட அலுமாரிச் சாவி ரீச்சரின் கைப்பைக்குள் இருந்தது. 1996 இல் திரும்பி வந்தபோது சாவி இருந்தது, அலுமாரிக் கதவு இல்லை.

மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் சில மணித்தியாலம், சில இடங்கள். தேசிய மின்வலையமைப்பு குடாநாட்டை மறுபடி தொட்டது போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்தான். அதற்கும் ஒரு விலை இருந்தது. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் மக்களுக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பானதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற ஊரில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மணக்கும் என்று 1993 இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். மன்னாரில் இப்போது 103.5 மெகாவாற்றுக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அவை எங்கே நிற்கவேண்டும், யாருடைய நிலத்தில், யாருடைய கடற்கரையில் என்ற வாக்குவாதமும் கூடவே சுற்றுகிறது. சக்தி முதல்கள் என்ற பாடத்தை இப்போது படிப்பிப்பவர்கள் பிள்ளைகளை அங்கே ஒருதரம் கூட்டிப்போனால் நல்லது.

2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது, கொழும்பில் எங்களோடு வேலை செய்யும் இளம் வைத்தியர்கள் விடுதியில் என்ன செய்வதென்று திகைத்துப்போனார்கள். எங்களில் ஒருத்தி ஜாம் போத்தலைக் கழுவி, பஞ்சும் திரியும் வைத்து ஒரு விளக்குச் செய்து காட்டினாள். பேணியில் மணலும் போட்டாள். சிங்களப் பிள்ளை ஒன்று அதைப் படமெடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பியது. அம்மாவிடமிருந்து வந்த பதில், தங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, சின்னம்மாவின் கை அதில்தான் எரிந்தது என்பது.

கல்லூரியின் புதிய ஆய்வுகூடத்துக்குச் சென்ற ஆவணியில் போனோம். மூலை அலுமாரியில் ஒரு சைக்கிள் தைனமோ இருக்கிறது, பொருட்பதிவேட்டில் ‘தைனமோ – 1’ என்று எழுதியிருக்கிறது. ரீச்சரின் சைக்கிளில் இருந்ததுதானா என்று அவவிடம் தொலைபேசியில் கேட்டோம். அவவுக்கு இப்போது எண்பதுக்குக் கிட்ட. “அது என்ரை இல்லை, என்ரை இன்னும் சைக்கிளிலைதான் கிடக்கு” என்றா. அப்படியானால் அது யாருடையது? வகுப்பு மாணவிகளிடமிருந்து அந்தக் காலத்தில் இரவல் வாங்கிய சாமான்கள் பல திரும்பிப் போகவில்லை. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தன் வீட்டுத் தைனமோவைக் கொண்டுவந்து கொடுத்த நினைவு இருந்தால் மலர்க்குழுவுக்கு அறிவியுங்கள். மேலே உள்ள கணக்குகளில் பிழை கண்டாலும் எழுதுங்கள், ரீச்சருக்கு ஒரு பிரதி போகிறது.